கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

இரவு பதினொரு மணிக்கு அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடவே ஒரு வரி: “மாமா, இதுல ஏதோ தப்பா இருக்கு. என்னன்னு பிடிபடல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

படுக்கையறை ஒன்றின் மூலை. தேக்கு நிறத்தில் ட்ரெஸ்ஸிங் டேபிள், அதன்மேல் மரச்சட்டம் போட்ட கண்ணாடி. கண்ணாடியின் மேலோரத்தில் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. முகம் கழுவும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டு மறந்துபோவார்களே, அந்த மாதிரி. படத்தில் அந்தப் பொட்டுதான் பளிச்சென்று இருந்தது. முன்னால் மேசையில் இருந்த குங்குமச் சிமிழும் சீப்பும் கரைந்தாற்போல் மங்கியிருந்தன. பக்கத்தில் திறந்திருந்த கதவுக்கு அப்பால் ஹால் இன்னும் மங்கல். கண்ணாடிக்குள் எதிர்ச்சுவர் சன்னல் தெரிந்தது: கம்பி, திரைச்சீலை, வெளியே தென்னங்கீற்று.

இந்த அறை உலகத்தில் எங்கேயும் கிடையாது. அந்த வீடு வரவேண்டிய மனையில் அன்றைக்கு அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழி மட்டும்தான் இருந்தது. கட்டாத வீட்டைப் ‘புகைப்படம்’ எடுத்துக் கொடுப்பதுதான் இவன் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் முழுப்பக்கத்துக்கு வரும் அடுக்குமாடி விளம்பரங்களில் பாதி இப்படிப் பிறந்தவைதான். உலகம் முழுவதும் இதே கதை. ஸ்வீடனின் ஐகியா நிறுவனம் 2006-இலேயே பெர்ட்டில் என்ற மர நாற்காலி ஒன்றைக் கணினியிலேயே வரைந்து தன் விற்பனைப் பட்டியலில் போட்டுவிட்டது. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் மருமகன் அனுப்பிய படத்தில் வித்தியாசம் தெரிந்தது. எனக்கும் முதலில் காரணம் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியின் மேல் யாரோ சன்னல் படம் போட்ட போஸ்டரை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, வாய்க்கு வரவில்லை.

உங்கள் வீட்டுக் கண்ணாடியிலும் எங்காவது ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். இல்லையென்றால் ஒன்று ஒட்டுங்கள். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பொட்டைப் பாருங்கள். (நாற்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம், தப்பில்லை.) பொட்டு தெளிவாக இருக்கும்போது உங்கள் முகம் மங்கியிருக்கும். முகத்தைத் தெளிவாகப் பார்த்தால் பொட்டு மங்கும். கண்ணாடி ஒரு தகடுதான், பொட்டும் அதன்மேல்தான் இருக்கிறது. இருந்தாலும் கண்ணுக்குள் இருக்கும் தசை, முகம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு சாண் தள்ளி இருப்பதாகவே கணக்குப் போட்டு இழுத்துப் பிடிக்கிறது. தட்டையான அந்தத் தகட்டுக்குள் உண்மையிலேயே ஆழம் இருக்கிறது.

மருமகனின் படத்தில் பொட்டும் சன்னலும் ஒரே கூர்மையில் இருந்தன. அதுதான் தப்பு. அந்தத் தப்பு எப்படி நுழைந்தது என்று புரிய வேண்டுமானால், மங்கல் என்றால் என்ன என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

மதிய வெயிலில் எல்லாக் கதவுகளையும் அடைத்த இருட்டறையில் படுத்திருந்தவர்களுக்கு இது தெரியும். கதவில் சின்ன ஓட்டை இருந்தால் எதிர்ச்சுவரில் தெரு தலைகீழாக நடந்துபோகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இப்னு அல்-ஹைத்தம் என்ற அரபு அறிஞர் இதை வைத்துத்தான் ஒளியைப் பற்றி நிறைய எழுதினார். ஓட்டை சிறியதாக இருந்தால் தெருவின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரே ஒரு மெல்லிய கதிர் உள்ளே வந்து சுவரில் ஓரிடத்தில் விழும். கிட்டே இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஒரே தெளிவில் தெரியும். இதுதான் ஊசித்துளைக் கேமரா.

காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும், அதாவது ரெண்டர் செய்யும், மென்பொருள்களுக்குள் இருக்கும் கேமராவும், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, ஊசித்துளைதான். அதுவும் எப்படிப்பட்ட ஊசி? அளவே இல்லாத, வெறும் கணிதப்புள்ளியான துளை. நிஜத்தில் துளையைச் சிறிதாக்கினால் படம் இருட்டாகும், இன்னும் சிறிதாக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவிப் படத்தைக் கெடுக்கும். கணினிக்கு இரண்டு தொல்லையும் கிடையாது. அதனால்தான் கணினி வரைந்த அறைகளில் முன்னால் இருக்கும் டம்ளரும் பின்சுவர்ப் படமும் ஒன்றுபோலத் துல்லியமாக இருந்து, துடைத்துவைத்த பொய்போலத் தோன்றுகின்றன.

நிஜக் கேமராவுக்கும் நம் கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும், எனவே அகலமான துளை வேண்டும். துளை அகலமானால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி ஒரு கதிராக வராமல் கூம்பாக வருகிறது. அந்தக் கூம்பை மறுபடி ஒரே புள்ளியில் கூட்டித் தருவது லென்ஸின் வேலை. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் பொருளுக்குத்தான் அதைச் சரியாகச் செய்ய முடியும். மற்றத் தூரங்களிலிருந்து வரும் புள்ளிகள் படத்தில் சின்னச் சின்ன வட்டங்களாக விழும். இந்த வட்டத்தைக் கலங்கல் வட்டம் என்று சொல்லலாம். வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கும்வரை ‘தெளிவு’ என்கிறோம். எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம்வரை அப்படி இருக்கிறதோ அந்த இடைவெளிதான் புகைப்படக்காரர்கள் சொல்லும் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’. தமிழில் தெளிவாழம் என்று வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை பள்ளிப் பாடம். இதற்கு அடுத்த படியைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

1619-இல் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற இயேசு சபைப் பாதிரியார் கண்ணைப் பற்றி ‘ஓக்குலுஸ்’ என்றொரு புத்தகம் எழுதினார். சூரியப் புள்ளிகளை முதலில் கண்டது யார் என்று கலிலியோவிடம் சண்டை போட்டவர் என்றுதான் சரித்திரம் இவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அவர் செய்த ஒரு சோதனையை இன்றைக்கும் நம் வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றில் குண்டூசியால் பக்கம்பக்கமாக இரண்டு ஓட்டைகள் போடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், அதாவது கண்பாவையின் அகலத்துக்குள் இரண்டும் அடங்க வேண்டும். அட்டையைக் கண்ணோடு ஒட்டிவைத்து, ஒரு சாண் தூரத்தில் ஓர் ஊசியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, பார்வையை ஊசியில் நிறுத்தாமல் தூரத்துச் சுவரில் வையுங்கள். ஊசி இரண்டாகத் தெரியும். ஒரு ஓட்டையை மூடினால் ஓர் ஊசி மறையும்.

மூன்று ஓட்டை போட்டால் மூன்று ஊசி. ஓட்டைகளைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் அட்டையையே எடுத்துவிட்டால் எண்ணற்ற ஊசிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தக் குவியலைத்தான் ‘மங்கலான ஊசி’ என்கிறோம். கண்பாவையின் இடது ஓரம் பார்க்கும் உலகமும் வலது ஓரம் பார்க்கும் உலகமும் கொஞ்சம் வேறுவேறு. ஒரே கண்ணுக்குள் ஆயிரம் கண்கள் ஆயிரம் இடங்களில் நின்று பார்க்கின்றன, லென்ஸ் அவற்றைக் கூட்டிக் கொடுக்கிறது. கண்ணுக்கு மிக அருகில் கொசுவலை இருந்தால் அது காணாமலே போய்விடுவது இதனால்தான். வலையின் நூல் கண்பாவையைவிட மெல்லியது. ஒரு கண்ணுக்கு மறைவதை நூலைச் சுற்றி எட்டிப் பார்க்கும் இன்னொரு கண் பார்த்துவிடுகிறது.

எட்டிப் பார்ப்பது என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருமகனின் தொல்லைகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகின்றன.

கணினி வரைகலைக்காரர்கள் இந்த மங்கலை இரண்டு வழிகளில் கையாண்டார்கள். நேர்மையான வழி 1984-இல் வந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருந்த ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பென்டர் மூவரும், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரே புள்ளியிலிருந்து கதிர் அனுப்புவதை விட்டுவிட்டு, லென்ஸின் பரப்பில் பல இடங்களிலிருந்து பல கதிர்களை அனுப்பிச் சராசரி எடுத்தார்கள். ஷைனரின் அட்டையேதான், ஓட்டைகள் மட்டும் அதிகம். இதில் கொசுவலையும் கரையும், கண்ணாடியும் சரியாக வரும், எதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். விலைதான் அதிகம். போதுமான கதிர்கள் இல்லாவிட்டால் மங்கலான இடமெல்லாம் மணல் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக இருக்கும், மணல் அடங்க மணிக்கணக்கில் இயந்திரம் ஓட வேண்டும்.

மற்ற வழி அதற்கு மூன்று ஆண்டு மூத்தது. 1981-இல் அமெரிக்காவின் ரென்சலர் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த போட்மெசில், சக்ரவர்த்தி என்ற இருவர், முதலில் ஊசித்துளைக் கேமராவில் எல்லாம் தெளிவான படத்தை வரைந்துவிட்டு, ஒவ்வொரு படப்புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, அந்தந்தப் புள்ளியை அதற்குரிய கலங்கல் வட்டமாகப் பிறகு பரப்பினார்கள். இன்றைக்கு மருமகன் செய்வதும் இதுதான். ஏன் என்று கேட்டேன். “க்ளையன்ட் மாமா” என்றான். சிமிழ் தெளிவா இருக்கட்டும் என்று ஒருவர் சொல்வார், மறுநாள் அவருடைய மேலாளர் பொட்டு தெளிவா இருக்கட்டும் என்பார். ஒவ்வொரு முறையும் இரவு முழுக்க ரெண்டர் ஓட்ட முடியாது. பின்வழியில் செய்தால் ஒரு பட்டையை நகர்த்தினால் போதும், இரண்டு நிமிட வேலை.

இந்தப் பின்வேலைக்குக் கம்போசிட்டிங் என்று பெயர். அடுக்கிணைப்பு என்று தமிழாக்கலாம். ரெண்டரிலிருந்து படம் ஒரே தாளாக வருவதில்லை. நேர்வெளிச்சம் ஓர் அடுக்கு, பிரதிபலிப்பு ஓர் அடுக்கு, நிழல் ஓர் அடுக்கு என்று பிரித்து வாங்கிக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து கூட்டிக் குறைத்து ஒன்றாக்குகிறார்கள். அடுக்குகளில் ஒன்று வெறும் கறுப்பு வெள்ளை. கிட்டே இருப்பது கறுப்பு, எட்டத்தில் இருப்பது வெள்ளை, நடுவில் சாம்பல். அது வெளிச்சத்தின் படமே அல்ல, தூரத்தின் படம். தொழிலில் ‘இசட் டெப்த்’ என்கிறார்கள். நான் ஆழப்படம் என்கிறேன். இதற்காகக் கணினி தனியாக மெனக்கெடுவதில்லை. எந்தப் பொருள் எதை மறைக்கிறது என்று தீர்மானிக்க ஒவ்வொரு புள்ளியிலும் தூரத்தைக் குறித்துவைக்கும் முறையை, யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974-இல் தந்த ஆய்வேட்டில் எட்வின் கேட்மல் விவரித்தார். பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தின் தலைவரானாரே, அவரேதான். கதிரை அனுப்பித் துரத்தும் முறையிலும் கதிர் எங்கே முட்டியது என்பது எப்படியும் தெரிந்துவிடும். எண்ணெய் ஆட்டினால் புண்ணாக்கு கிடைப்பதுபோல, ஆழப்படம் இலவசம்.

இலவசமாக வருவதில் குறை இல்லாமல் இருக்குமா?

முதல் குறை சின்னது. சாதாரணப் படக்கோப்பில் சாம்பல் நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. பத்து மீட்டர் நீள ஹாலை அதில் அடக்கினால் ஒரு படிக்கு நான்கு சென்டிமீட்டர். மங்கல் வழுக்கிக்கொண்டு போகாமல் மாடிப்படிபோலத் துள்ளித் துள்ளிப் போகும். இதற்காகவே தசமப் புள்ளியோடு எண்களைச் சேமிக்கும் கோப்பு வகைகள் வந்தன. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓப்பன்இஎக்ஸ்ஆர் அவற்றில் பிரபலமானது. குறை தீர்ந்தது.

இரண்டாவது கொஞ்சம் வேடிக்கையானது. சிமிழின் விளிம்பில் ஒரு படப்புள்ளி. அதில் பாதி சிமிழ், பாதி பின்சுவர். நிறத்தைப் பொறுத்தவரை இரண்டையும் கலந்து சராசரி போட்டால் விளிம்பு வழவழப்பாக வரும், நல்லது. அதே கையோடு தூரத்தையும் சராசரி போட்டுவிட்டால்? ஒரு ரயில்பெட்டியில் பாதிப்பேர் சென்னைக்காரர்கள், பாதிப்பேர் மதுரைக்காரர்கள். சராசரி எடுத்தால் எல்லோரும் உளுந்தூர்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையோரத்தில் எங்கோ குடியிருக்கிறார்கள் என்று வரும். அங்கே ஒருவரும் இல்லை. விளிம்புப் புள்ளிகளும் அப்படியே, சிமிழிலும் இல்லாமல் சுவரிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். மங்கலாக்கியதும் பொருளைச் சுற்றி ஒரு மெல்லிய கூர்கோடு தனியாக நிற்கும். பழகிய கண் அந்தக் கோட்டைப் பார்த்தவுடனே ‘இது பின்னால் போட்டது’ என்று சொல்லிவிடும்.

மூன்றாவதுதான் எட்டிப் பார்க்கும் விஷயம். இதற்கு முழுத் தீர்வே கிடையாது. பெரிய துளை கொண்ட லென்ஸ், கிட்டே இருக்கும் சிமிழைச் சுற்றி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, அதற்குப் பின்னால் இருக்கும் மேசைப் பலகையையும் கொஞ்சம் படத்தில் சேர்த்துக்கொள்ளும். மங்கிய சிமிழின் ஓரம் ஊடுருவித் தெரியும். ஆனால் நம் கையில் இருப்பது ஒற்றைக் கண் வரைந்த ஒற்றைப் படம். சிமிழுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அதில் எழுதப்படவே இல்லை. எழுதாததை எந்தக் கம்போசிட்டிங் மென்பொருளும் படிக்க முடியாது, பக்கத்துப் புள்ளிகளை இழுத்து ஒப்பேற்றத்தான் முடியும்.

ஒப்பேற்றலும் ஒரு கலைதான். விவரமானவர்கள் முன்பொருள்களைத் தனி அடுக்காக, சிமிழ் இல்லாத மேசையைத் தனி அடுக்காக ரெண்டர் செய்துகொள்வார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மங்கலாக்கி, பின்னாலிருந்து முன்னாக அடுக்குவார்கள். அப்படி அடுக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் எத்தனை பங்கு மறைக்கிறது, எத்தனை பங்கு வழிவிடுகிறது என்று ஓர் எண் கூடவே வர வேண்டும். அந்த எண்ணை வைத்துப் படங்களைக் கூட்டும் விதிகளை முறைப்படுத்தியதும் அதே 1984-இல், அதே தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்பவரோடு சேர்ந்து. லென்ஸை நேர்மையாக வரையும் வழியிலும், அதை ஏமாற்றிச் செய்யும் வழியின் அடிப்படையிலும் ஒரே மனிதரின் கை ஒரே ஆண்டில் இருந்திருக்கிறது. எனக்கு இதில் ஒரு சந்தோஷம்.

கைப்பேசியில் ‘போர்ட்ரெய்ட்’ முறையில் எடுத்த படத்தில் பாட்டியின் நரைமுடி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, காதுத்தோடு பின்னணியோடு கரைந்துபோனதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வியாதிதான். கைப்பேசியின் துளை சில மில்லிமீட்டர்தான் இருக்கும். இயற்கையாக மங்கல் அதிகம் வராது, தூரத்தை எப்படியோ ஊகித்துப் பின்னால் போட வேண்டும். 2016-இல் ஐஃபோன் 7 பிளஸ் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கேமராக்களை வைத்து ஊகித்தது. 2017-இல் கூகுளின் பிக்சல் 2 ஒரே கேமராவில், லென்ஸின் இடது பாதி கண்டதையும் வலது பாதி கண்டதையும் தனித்தனியே படித்து, இரண்டுக்குமான இம்மி வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டது. ஷைனர் பாதிரியாரின் இரண்டு ஓட்டைகள் நானூறு ஆண்டு கழித்துச் சட்டைப்பைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரைவிட ஆயிரம் மடங்கு பிரகாசமான விளக்கு ஒன்று படத்தில் இருக்கிறது. திரையில் காட்ட முடிந்த உச்ச வெள்ளையோடு அதை வெட்டிவிட்டு, பிறகு நூறு புள்ளிகளுக்குப் பரப்பினால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். ஆயிரத்தை ஆயிரமாகவே வைத்துக்கொண்டு பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் சுவரைவிடப் பத்து மடங்கு பளபளக்கும். கார்த்திகை இரவில் கேமராவில் குவியம் தவறினால் அகல்விளக்கெல்லாம் தங்கக் காசுகளாக மாறுமே, அது அப்படித்தான் வரும். காசின் வடிவம் துளையின் வடிவம். துளையை அடைக்கும் இதழ்கள் ஆறு என்றால் அறுகோணம். ஜப்பானியர்கள் இந்த மங்கலின் அழகுக்கே ‘பொக்கே’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு மங்கலாக்குவது என்பதில்தான் தொழிலாளிக்கும் கலைஞருக்கும் வித்தியாசம் தெரிகிறது. மருமகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹாலுக்குப் பட்டையைத் தாராளமாக நகர்த்தியிருந்தான். சோபா தெளிவு, டீப்பாயும் பின்சுவரும் பஞ்சுமிட்டாய். அழகாகத்தான் இருந்தது, ஆனால் நவராத்திரிக் கொலுவில் வைத்த பொம்மை வீடுபோல இருந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. வீட்டு உள்ளறைகளைப் படமெடுப்பவர்கள் 24 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸைப் போட்டு, துளையை எஃப் 8 என்ற அளவில் வைப்பது வழக்கம். 24-ஐ எட்டால் வகுத்தால் துளையின் விட்டம்: மூன்று மில்லிமீட்டர். வெளிச்சமான அறையில் நம் கண்பாவையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்படிப்பட்ட கேமராவில் 2.4 மீட்டர் தூரத்தில் குவியத்தை வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம்வரை எல்லாமே தெளிவு. நிஜமான ஹால் புகைப்படத்தில் மங்கலே கிட்டத்தட்ட இருக்காது. இப்போது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பொம்மை வீட்டை அதே மூன்று மில்லிமீட்டர் துளையால் பாருங்கள். வீட்டோடு ஒப்பிட்டால் துளை பன்னிரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது, நிஜ வீட்டில் 36 மில்லிமீட்டர் அகலக் கண்பாவையோடு ஒரு பூதம் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். எனவே மங்கல் நிறைய. நாம் வாழ்நாள் முழுக்க மூன்று நான்கு மில்லிமீட்டர் கண்பாவையோடுதான் பார்த்து வந்திருக்கிறோம். அதிக மங்கல் என்றால் பொருள் மிகக் கிட்டத்தில் இருக்கிறது, அதனால் சிறியது என்று மூளை தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

இது வெறும் ஊகமில்லை. 2010-இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்ட், கூப்பர், ஓ'பிரையன், பேங்க்ஸ் ஆகியோர் ஒரே நகரக் காட்சிகளை வெவ்வேறு அளவில் மங்கலாக்கிப் பலரிடம் காட்டி, காட்சி எவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது என்று கேட்டார்கள். மங்கல் கூடக்கூட, சொன்ன தூரம் குறைந்துகொண்டே வந்தது. வானளாவிய கட்டடம் மேசைப் பொம்மையாகச் சுருங்கியது. மங்கல் ஓர் அளவுகோல், நாம் படிக்கிறோம் என்று தெரியாமலே படிக்கும் அளவுகோல்.

ட்ரெஸ்ஸிங் டேபிள் படம் வேறு ஜாதி. அது கிட்டே போய் எடுத்த நுணுக்கக் காட்சி, அங்கே மங்கல் பொருந்தும். மருமகன் 50 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2 என்று வைத்திருந்தான். துளை 25 மில்லிமீட்டர். கேமராவிலிருந்து பொட்டு 1.2 மீட்டர். கண்ணாடியிலிருந்து எதிர்ச் சன்னல் நான்கு மீட்டர். ஒளி சன்னலில் கிளம்பிக் கண்ணாடியில் பட்டுக் கேமராவுக்கு வர 5.2 மீட்டர் நடக்கிறது. சன்னல் கம்பியில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிளம்பும் ஒளிக்கூம்பு, லென்ஸின் 25 மில்லிமீட்டர் அகலத்தில் போய் முடிகிறது. வழியில் நான்கு மீட்டர் கடந்து கண்ணாடியைத் தொடும்போது அதன் அகலம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். அதாவது கம்பியின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடிப் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் வட்டமாகப் பரவித் தெரிய வேண்டும். பொட்டைவிட அந்த வட்டம் பெரிது. கம்பிகள் ஒன்றோடொன்று இழைந்து, தென்னங்கீற்று வெறும் பச்சைச் சாயமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஓர் ஆச்சரியத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. சன்னலுக்கு அப்பால் நிலா இருந்தாலும் பொட்டின் தூரத்தில் அளந்தால் அதன் கலங்கல் வட்டம் 25 மில்லிமீட்டரைத் தாண்டாது, துளையின் அகலமே உச்சவரம்பு. ஆனால் குவியத்துக்கு இந்தப் பக்கம் கேமராவை நோக்கி வரும் பொருளுக்கு வரம்பே இல்லை. பாதித் தூரத்தில் இருக்கும் சிமிழ் அந்த 25-ஐ எட்டிவிடும், இன்னும் கிட்டே வந்தால் அறையையே மூடும் மூட்டமாகிவிடும். பின்னணி மங்கலைவிட முன்னணி மங்கல் எப்போதும் முரட்டுத்தனமாக இருப்பது இதனால்தான்.

சரி, ஆழப்படம் ஏன் ஏமாந்தது? அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கேமராவிலிருந்து கிளம்பிய கதிர் முதலில் எதில் முட்டியது? கண்ணாடியில் முட்டியது, 1.2 மீட்டர், குறித்தாயிற்று. அதற்குப் பிறகு கதிர் திரும்பி நான்கு மீட்டர் நடந்து சன்னலைப் பார்த்த கதை நிறத்துக்குள் போயிற்று, தூரத்துக்குள் போகவில்லை. ஆழப்படத்தில் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே சீரான கருஞ்சாம்பல், அதில் சன்னல் கிடையாது. மென்பொருளைப் பொறுத்தவரை பொட்டும் சன்னலும் ஒரே தூரம், இரண்டும் தெளிவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. எனக்குப் போஸ்டர்போலத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை, மென்பொருள் அந்தப் பிம்பத்தை உண்மையிலேயே போஸ்டராகத்தான் நடத்தியிருக்கிறது.

உள்ளறைப் படங்களில் இந்தப் பொறி அடிக்கு ஒன்று இருக்கிறது. சன்னல் கண்ணாடிக்கு வெளியே தோட்டம், தூரம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடிக் குடுவைக்குள் பூத்தண்டு, அலமாரிக் கதவுக்குள் பாத்திரங்கள், பளபளக்கும் கிரானைட் தரையில் தலைகீழாகத் தொங்கும் விளக்கு என எல்லாமே அப்படித்தான். காடு மலை வரைபவர்களுக்கு இந்தத் தலைவலி ஒரு குளம் வந்தால்தான்.

இத்தனையையும் இவ்வளவு நீட்டாமல் போனில் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஆமா மாமா, கண்ணாடியை நான் சுவரா நினைச்சுட்டேன்” என்றான். படம் முழுவதையும் திரும்ப ஓட்டவில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பகுதியை மட்டும், நிஜ லென்ஸ்போலக் கதிர்களைப் பரப்பி அனுப்பும் முறையில் தனியாக ரெண்டர் செய்தான். நாற்பது நிமிடம். அதை வெட்டி எடுத்துப் பழைய படத்தின்மேல் அடுக்கினான். இரண்டு மணிக்கு மறுபடி வாட்ஸ்அப் ஒலித்தது. சன்னல் பச்சையும் வெள்ளையுமாகக் கரைந்து கண்ணாடிக்குள் நான்கு மீட்டர் பின்வாங்கிப் போயிருந்தது. அதன் முன்னால் பொட்டு மட்டும், இப்போதுதான் யாரோ ஒட்டிவிட்டு வெளியே போனதுபோல.

காலையில் க்ளையன்டிடமிருந்து பதில் வந்ததாம். படம் பிரமாதம், அப்படியே அச்சுக்குப் போகலாம், கண்ணாடியில் ஏதோ சிவப்பாகக் கறை இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று.

எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விளம்பரத்தில் தேடிப் பார்த்தேன். சட்டத்தின் மரவரிகள் தெளிவாக இருந்தன. அதற்குள்ளே குவியம் இன்னும் அதே இடத்தில், 1.2 மீட்டரில், வெறும் கண்ணாடியின் மேல் நின்றுகொண்டிருந்தது.